பச்சைக்குழந்தைக்குப் பித்தநாள அடைப்பு எதனால வருது? எத்தனை பேருக்கு வருது?

சத்தி செவிலி:
வணக்கமுங்க. தாய்மார் கூட்டத்துல குடுக்கறதுக்கு பிலியரி அட்ரீசியா பத்தி ரெண்டு பக்கம் நோட்டீஸ் தயார் பண்றோம். கல்லீரல்ல இருந்து குடலுக்குப் பித்தம் வர்ற குழாய் அடைஞ்சு போறது, மஞ்சள் தெளியாது, ஆய் வெளுத்துப் போகும், 2 மாசத்துக்குள்ள ஆபரேசன் வேணும், இவ்வளவும் எழுதியாச்சு. ஆனா கூட்டத்துல கேக்கறது வேறங்க. மாமன் பொண்ணைக் கட்டுனதாலயா? காட்டுக்கு மருந்தடிக்கற எடத்துல கர்ப்பமா வேலை செஞ்சதாலயா? திருப்பூர்ப் பக்கம்னா சாயத்தண்ணியான்னு கேக்கறாங்க. கிரகணத்துல வெளிய வந்தாளான்னு மாமியார் கேக்கறாங்க. அடுத்த கொழந்தைக்கும் வருமான்னு பெத்த அந்தப் புள்ள கேக்குது. எத்தனை கொழந்தைக்கு ஒண்ணுக்கு வருது, காரணம்னு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குழந்தை அறுவை, கோவை:
சிஸ்டர், முதலில் எண்ணிக்கை. ஐரோப்பாவில் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிரசவத்துக்கு ஒன்று. ஜப்பானில் 10,000-க்கு ஒன்று என்கிற அளவு. தைவானில் 5,000 – 6,000-க்கு ஒன்று. பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில் 3,000-க்கு ஒன்று வரை போகிறது. கிழக்கே போகப் போக ஏன் கூடுகிறது என்பதற்கு இன்றுவரை முழுப் பதில் கிடையாது. பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

நம் பக்கத்துக்குக் கணக்குப் போட 10,000-க்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 30,000 பிரசவம் நடக்கிற மாவட்டத்தில் 3 குழந்தை. 5,000 பேரைப் பார்த்துக்கொள்கிற ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு 70 பிரசவம் என்றால், 30 ஆண்டு வேலை பார்த்தாலும் 2,100 குழந்தைதான். பெரும்பாலான செவிலியர் பணிக்காலம் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார்கள். தாமதத்துக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். பச்சைக்குழந்தையின் மஞ்சளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தானாகத் தெளியும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் அப்படித்தான் தெரியும்.

காரணத்துக்கு வருவோம். குழாய் உருவாகாமலே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளில் குழாய் உருவாகித்தான் இருக்கிறது. கருவின் கடைசிக் கட்டத்திலோ பிறப்பை ஒட்டியோ அதன் உட்சுவரில் அழற்சி வந்து, சுவர் நாராகி, துவாரம் மூடிக்கொள்கிறது. அறுவையில் பார்த்தால் பித்தப்பை இருக்கவேண்டிய இடத்தில் சுருங்கிய ஒரு வெள்ளை நார்த்துண்டு கிடக்கும். ஊசி ஏற்றக்கூட உள்ளே இடம் இருக்காது. அழற்சி வெளிக்குழாயோடு நிற்பதும் இல்லை. உள்ளே இருக்கிற சின்னக் குழாய்களுக்கும் பரவி, வாரத்துக்கு வாரம் கல்லீரலை இறுக்குகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் 2 வயதைத் தாண்டுவதில்லை.

எங்கே மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வகை சொல்கிறோம். பத்தில் ஒன்பது மூன்றாம் வகை, அதாவது குழாய் கல்லீரலை விட்டு வெளியே வருகிற இடத்திலேயே, கல்லீரல் வாசலிலேயே, மூடியிருப்பது.

காரணம் ஒன்றல்ல. பல வழியில் வந்து ஒரே இடத்தில் முடிகிற நோய் இது. ஒரு சிறு பங்கு, ஏறக்குறைய பத்தில் ஒன்று, கரு உருவாகும்போதே ஏற்படுகிற கோளாறு. அந்தக் குழந்தைகளுக்கு மண்ணீரல் பல துண்டாக இருக்கும் அல்லது இருக்காது, குடல் திரும்பியிருக்கும், இதயம், பெருஞ்சிரை ஆகியவற்றிலும் கோளாறு இருக்கலாம். தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய் இருப்பதற்கும் இந்த வகைக்கும் தொடர்பு பார்க்கப்பட்டிருக்கிறது. மற்றவர்களில் வைரஸ் ஒரு தூண்டுகோல் என்பது வலுவான சந்தேகம். சைட்டோமெகாலோ வைரஸுக்கு ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டுகிற எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் வருகிற ஒரு கூட்டம் தனியாகவே இருக்கிறது. அவர்களுக்கு அறுவையின் பலனும் குறைவு. வைரஸ் போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் சொந்தக் குழாயையே தாக்கிக்கொண்டிருக்கின்றன என்பது அடுத்த படி. இதற்கு ஆளாகிற தன்மையைக் கூட்டுகிற மரபணுக்கள் சிலவும் தெரியும். ஆனால் இந்த ஒரு மரபணு கெட்டால் இந்த நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

நோட்டீஸில் எழுதவேண்டிய வரி: பெற்றோர் செய்த எதனாலும், செய்யத் தவறிய எதனாலும் இது வருவதாக நிரூபணம் இல்லை. கிரகணம், மாங்காய், பூச்சி மருந்து, சாயத்தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். நொய்யல் தண்ணீர் நல்லது என்று நான் சொல்லவில்லை. இந்த நோய்க்கு அதன் மேல் பழி போட ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

சென்னிமலை ஆட்டுப்பட்டி:
நான் கால்நடை மருத்துவப் பக்கம். ஆட்டுக்குட்டிக்கு இந்த நோய் கூட்டமாக வந்த கதை உண்டுங்களே, அதையும் சொல்லலாமே? ஆஸ்திரேலியாவில் பர்ரிஞ்சக் அணை ஓரம் வறட்சியில் தண்ணீர் வற்றி, கரையில் முளைத்த டிஸ்பேனியா என்கிற செடியைச் சினை ஆடுகள் மேய்ந்தன. பிறந்த குட்டிகள் மஞ்சளாகி, வெளுத்த சாணி போட்டுச் செத்தன. 1964-லும் 1988-லும் நடந்தது. அந்தச் செடியில் இருக்கிற நஞ்சைப் பிரித்தெடுத்து 2015-ல் வெளியிட்டார்கள், பிலியாட்ரெசோன் என்று பேர். மீன் குஞ்சிலும் அதே நஞ்சு பித்தநாளத்தைக் கெடுத்தது. தாய் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது.

குழந்தை அறுவை, கோவை:
சரியாகச் சொன்னீர்கள். கருவில் இருக்கும்போதே, தாய்க்குத் தெரியாமலே, குழாய் மட்டும் கெடமுடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மனிதக் குழந்தைகளுக்கு அந்த நஞ்சு காரணம் என்று யாரும் காட்டவில்லை. நோட்டீஸில் போட்டால் நாளைக்கே 'கீரை தின்னதால் வந்தது' என்று ஊர் முழுக்கப் பரவும். வேண்டாம்.

எலியில் நடந்த சோதனையும் அப்படித்தான். பிறந்து ஓரிரு நாளுக்குள் எலிக்குஞ்சுக்கு ரோட்டா வைரஸின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை ஏற்றினால் பித்தநாளம் அடைபடுகிறது. சில நாள் கழித்து ஏற்றினால் அடைபடுவதில்லை. இதை அரைகுறையாகப் படித்துவிட்டு ரோட்டா சொட்டு மருந்தைச் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் அட்டவணையில் அந்தச் சொட்டு 6, 10, 14-வது வாரங்களில்தான் கொடுக்கப்படுகிறது. நோய் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பின்னாளில் இந்த நோய் உறுதியான குழந்தைகளின் பழைய ரத்தப் பரிசோதனைகளை டெக்சாஸில் எடுத்துப் பார்த்தார்கள். பிறந்த முதல் இரண்டு நாளிலேயே டைரக்ட் பிலிரூபின், அதாவது பித்தம் அடைபட்டால் ரத்தத்தில் ஏறுகிற மஞ்சள் நிறமி, அளவு மீறி இருந்தது. சொட்டு மருந்தைத் தயங்காமல் கொடுங்கள்.

கல்லீரல் பிரிவு:
சொந்தத்தில் கட்டுவது பற்றி. இந்தக் கேள்வியை ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம், சிஸ்டர். பிலியரி அட்ரீசியாவுக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் உறுதியான தொடர்பு இல்லை. ஒரே கரு இரட்டையரிலும் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் வருகிறது, மற்றது நன்றாக இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு வருவது மிக மிக அரிது. அந்தப் பெண்ணிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் இதே மாதிரி மஞ்சளும் வெளிறிய ஆயும் தருகிற வேறு நோய்கள் இருக்கின்றன. பித்த உப்பைக் கடத்துகிற புரதம் கெட்டுவருகிற பிஃபிக் வகைகள், கேலக்டோசீமியா, டைரோசினீமியா. இவை தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்தால் வருபவை. அக்கா மகள், மாமன் மகள் உறவில் வாய்ப்பு கூடும், அடுத்த குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே 'அந்தக் குடும்பத்தில் ரெண்டு குழந்தைக்கும் இப்படி ஆச்சு' என்று யாராவது சொன்னால், அது பிலியரி அட்ரீசியாவாக இருக்க வாய்ப்பு குறைவு, பரம்பரை நோய் பக்கம் தேட வேண்டும். முதல் குழந்தை என்ன நோயில் போனது என்று பேர் தெரியாமல் அடுத்ததைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது.

கேலக்டோசீமியா என்றால் தாய்ப்பாலை உடனே நிறுத்த வேண்டும். பிலியரி அட்ரீசியா என்றால் தாய்ப்பால் தொடர வேண்டும். பிரித்தறிவது அதற்காகவும்தான். ஆளைப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். கேலக்டோசீமியா, கிருமித்தொற்று உள்ள குழந்தை வாடிப்போய், வாந்தி எடுத்து, பால் குடிக்காமல் கிடக்கும். பிலியரி அட்ரீசியா குழந்தை முதல் மாதம் கொழுகொழுவென்று இருக்கும், நன்றாகப் பால் குடிக்கும், எடையும் ஏறும். அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

பெருந்துறை லேப்:
ரத்தப் பரிசோதனை பத்தி நாலு வார்த்தை. 'பிலிரூபின்' னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க. 'டோட்டல், டைரக்ட்' ரெண்டும்னு எழுதுங்க. பல எடத்துல டோட்டல் மட்டும் போட்டுக் குடுத்துருவாங்க. நெத்தியில வெச்சு அளக்கற மிசினும் பிரிச்சுச் சொல்லாது.

எங்க ஏமாறுவாங்கன்னா, 5-ஆம் நாள் டோட்டல் 14, டைரக்ட் 1.4னு வெச்சுக்கங்க. 20-ஆம் நாள் டோட்டல் 8, டைரக்ட் 4.5. 'பதினாலு எட்டாயிருச்சு, இறங்குது' ன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இறங்குனது சாதாரண மஞ்சள். ஏறுனது அடைப்பு மஞ்சள். டைரக்ட் 1 மில்லிகிராமுக்கு மேல போனாலே மேல பாக்கணும், டோட்டல் எவ்வளவு இருந்தாலும் சரி.

ரத்தம் எடுத்த ட்யூப்பைக் கருப்புத்தாள் இல்லன்னா அலுமினியத் தாள்ல சுத்தி அனுப்பணும். வெளிச்சம் பட்டா பிலிரூபின் குறைஞ்சு காட்டும். குதிகால்ல பிதுக்கி எடுத்து ரத்தச் சிவப்பணு உடைஞ்சிருந்தா டைரக்ட் எண் நம்பமுடியாது, மறுபடி எடுங்க. கூடவே ரத்தம் உறையறதைப் பாக்கற பிடி, ஐஎன்ஆர் சோதனையும் கேளுங்க. பித்தம் குடலுக்குப் போகலைன்னா வைட்டமின் கே உறிஞ்சாது, ரத்தம் உறையாது. இந்தக் கொழந்தைகள்ல சிலது மொதல்ல வர்றதே மூளையில ரத்தக் கசிவோடதான். டைரக்ட் ஏறியிருக்குன்னு தெரிஞ்சதுமே வைட்டமின் கே ஊசி போட்டுட்டு அப்பறம் மத்த சோதனைக்கு அனுப்பறது நல்லது.

கோபி குழந்தை நலம்:
ஆய் பார்க்கிற முறையையும் எழுதுங்க. 'வெள்ளையா இருந்தா வாங்க' ன்னு சொன்னா யாரும் வரமாட்டாங்க, ஏன்னா சுத்த வெள்ளை அபூர்வம். சாம்பல் கலந்த களிமண் நிறம், வெளிறின மஞ்சள், பாலேடு நிறம் எல்லாமே தப்புதான். ட்யூப்லைட்ல பார்க்கக்கூடாது, பகல் வெளிச்சத்துல பார்க்கணும். மேல மட்டும் பார்த்து முடிவு பண்ணக்கூடாது: மஞ்சளேறின குழந்தைக்குக் குடல் சளியிலயும் மூத்திரத்திலயும் இருக்கிற மஞ்சள் ஆய் மேல பூசிக்கும். ஒரு குச்சியால பிரிச்சா உள்ள வெளுப்பு தெரியும். இன்னொண்ணு, பொறந்த முதல் வாரம் ஆய் நிறம் சரியா இருந்ததுங்கறதால இந்த நோய் இல்லைன்னு ஆகாது. அடைப்பு முழுசாக சில வாரம் ஆகலாம், நிறம் படிப்படியா வெளுக்கும். அதனால முதல் மாசம் முழுக்கப் பார்க்கணும்.

மூத்திரத்தையும் சொல்லுங்க. பச்சைக்குழந்தை மூத்திரம் துணியில கறை பிடிக்கக்கூடாது. இடுப்புத்துணி துவைச்சும் மஞ்சக்கறை போகலைன்னா அது ஒரு அடையாளம்.

நம்ம பக்கம் மஞ்சள் தேய்ச்சுக் குளிப்பாட்டறதால தோல் நிறத்தை நம்பவே கூடாது. கண்ணு வெள்ளைய பாருங்க. பேறுகாலத்துல வீட்டுக்குப் போறப்ப 14-ஆம் நாள் ஒரு பார்வை கட்டாயம். குறைமாசக் குழந்தைன்னா 21-ஆம் நாள். அன்னைக்கும் கண்ணு மஞ்சளா இருந்தா, ஆய் நிறம் எப்படி இருந்தாலும், அந்த டைரக்ட் பிலிரூபின் எடுத்துரணும். வெயில்ல காட்டறது அடைப்பு மஞ்சளுக்கு உதவாது. நீல விளக்குல வெச்சா சில குழந்தைக்கு தோலே வெண்கல நிறமா மாறிடும்.

சத்தி செவிலி:
கீழாநெல்லி பத்தியும் சொல்லுங்க. தாய்க்குப் பத்தியம், கொழந்தைக்குச் சங்குல சாறு. மந்திரிச்சுக் கயிறு கட்டறதும் நடக்குது. வேண்டாம்னு சொன்னா 'எங்க மாமனுக்கு அதுலதான் காமாலை எறங்குச்சு' ங்கறாங்க.

கல்லீரல் பிரிவு:
மாமனுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. தண்ணீர் மூலம் வருவது, சில வாரத்தில் தானாக இறங்குவது. கீழாநெல்லி குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும்; பேர் கீழாநெல்லிக்குப் போகிறது. இங்கே குழாயே மூடிக்கிடக்கிறது. எந்தச் சாறு குடித்தாலும் பித்தத்துக்கு வெளியேற வழி இல்லை. இதை இப்படியே சொன்னால் பாட்டிமார்களுக்குப் புரிகிறது. 'நாட்டு மருந்து தப்பு' என்று தொடங்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள். கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை, கட்டிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறட்டும். ஒரு சுற்று மந்திரிப்பு மூன்று வாரம் என்றால் அந்த மூன்று வாரம்தான் விலை.

மேல் பரிசோதனையில் ஒரு விஷயம்: ஸ்கேனுக்குப் போகும்போது குழந்தை 4 மணி நேரம் பால் குடிக்காமல் இருக்க வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் பித்தப்பை சுருங்கி, இல்லாத மாதிரியே தெரியும். பட்டினியிலும் பித்தப்பை சின்னதாகவோ காணாமலோ இருந்தால், கல்லீரல் வாசலில் 4 மில்லிமீட்டர் தடிமனில் முக்கோண நார் தெரிந்தால், சந்தேகம் வலுக்கிறது. பித்தப்பை சாதாரணமாகத் தெரிந்தாலும் நோய் இல்லை என்று விட்டுவிட முடியாது. எங்கள் வழக்கம், பித்த ஓட்டத்தைத் தூண்டுகிற பீனோபார்பிட்டோன் மருந்தை 5 நாள் கொடுத்துவிட்டு ஹைடா ஸ்கேன் எடுப்பது. கதிர்வீசும் மருந்தை ரத்தத்தில் ஏற்றி, அது பித்தத்தோடு குடலுக்கு வருகிறதா என்று பார்க்கிற ஸ்கேன் அது. அந்த ஸ்கேன் மருந்து குடலுக்கு இறங்கியது தெரிந்தால் இந்த நோய் இல்லை என்று விடலாம்.

குழந்தை அறுவை, கோவை:
30 நாள் குழந்தைக்கு அது சரி. 55-ஆம் நாள் வருகிற குழந்தைக்கு அந்த 5 நாளையும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். மருந்து இறங்காவிட்டாலும் ஹைடா உறுதி சொல்வதில்லை, கடுமையான ஹெபடைடிஸிலும் இறங்காது. அந்த வயதில் கல்லீரல் பயாப்ஸி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்து, நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோய் பித்தப்பை வழியாகச் சாயம் ஏற்றிப் படம் எடுப்பதே மேல். முடிவான சோதனையும் அதுதான். சாயம் கல்லீரல் பக்கமும் குடல் பக்கமும் ஓடினால் வயிற்றை மூடிவிடலாம்.

ஓடாவிட்டால் அதே மயக்கத்தில் கசாய் அறுவை. ஜப்பானில் மோரியோ கசாய் 1950-களில் கொண்டுவந்தது. நாராகிப்போன குழாயைக் கல்லீரல் வாசல்வரை வெட்டி எடுத்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களிலிருந்து கசிகிற பித்தத்தைப் பிடிக்க, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் சிறுகுடல் வளையத்தை மேலே கொண்டுவந்து தைக்கிறோம். அந்த நுண்குழாய்கள் நாளாக ஆக மூடிக்கொண்டே வருகின்றன. 60 நாளுக்குள் என்று சொல்வது அதனால்தான். 30-லிருந்து 45-க்குள் என்றால் இன்னும் நல்லது. 90 நாள் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. மூன்று மாதத்தில் பிலிரூபின் 2-க்குக் கீழே வந்தால் அறுவை பலித்தது. பலித்தாலும் காய்ச்சலோடு ஆய் வெளுத்தால் அது பித்தநாளத் தொற்று. அன்றே ஆஸ்பத்திரி, ரத்தநாள வழியாக ஆன்டிபயாடிக்.

பலிக்காவிட்டால் கல்லீரல் மாற்று. குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று செய்வதில் உலகம் முழுக்க முதல் காரணம் இந்த நோய்தான். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று 1998-ல் தில்லியில். காஞ்சிபுரத்துக் குழந்தை, நோய் இதேதான், கொடுத்தது தகப்பன். பெரியவர் கல்லீரலின் இடது ஓரப் பகுதி, ஏறத்தாழ கால் பங்கு, போதும். கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும்.

கோபி குழந்தை நலம்:
செலவு பத்தி கேப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கல்லீரல் மாற்றும் வருது. வருசத்துக்கு 1.2 லட்சத்துக்குள்ள வருமானச் சான்று, குடும்ப அட்டை வேணும். குழந்தை பேரு அட்டையில ஏறலைன்னு அலைய வேண்டாம், பிறப்புச் சான்றோட மருத்துவமனை காப்பீட்டு அலுவலரைப் பாருங்க. சான்று வர்றவரைக்கும் ரத்தப் பரிசோதனை காத்திருக்கக்கூடாது, ரெண்டும் ஒரே நாள்ல ஆரம்பிக்கணும்.

வெள்ளகோவில்:
காங்கேயம் தேங்காயெண்ணெய் இந்தக் குழந்தைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மைங்களா?

கல்லீரல் பிரிவு:
பாதி உண்மை. பித்தம் இல்லாமலே உறிஞ்சப்படுகிற நடுத்தர நீளக் கொழுப்பு இந்தக் குழந்தைகளுக்கு வேண்டும். தேங்காயெண்ணெயில் உண்மையில் அப்படி உறிஞ்சப்படுகிற பங்கு ஏறக்குறைய 15 சதவீதம்தான்; மீதியில் பெரும்பங்கு லாரிக் அமிலம், அது சாதாரணக் கொழுப்பு போலவே பித்தம் கேட்கும். அந்த நடுத்தர நீளக் கொழுப்பு மட்டும் உள்ள எம்சிடி எண்ணெய் கிடைக்காத இடத்தில் இணை உணவு தொடங்கிய பிறகு கஞ்சியில் சேர்க்கலாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களுக்கு அது ஈடல்ல.

சத்தி செவிலி:
ரொம்ப நன்றிங்க. நல்ல நிறமும் வெளிறின நிறமும் படமாப் போட்ட ஆய் நிற அட்டையை நோட்டீஸ் பின்பக்கம் போடலாம்னு இருக்கறோம். தைவான்ல அதைத்தான் குடுக்கறாங்களாமே.

கோபி குழந்தை நலம்:
ஆமாங்க. ஜப்பான்ல டோச்சிகி மாவட்டத்துல 1994-ல தொடங்கினது. தைவான்ல 2004-ல நாடு முழுக்க, குழந்தை நலக் கையேட்டுலயே சேர்த்தாங்க. 60 நாளுக்குள்ள அறுவை நடக்கற குழந்தைங்க கூடினாங்க. ஜப்பான் 2012-ல தாய் சேய் கையேட்டுல போட்டுது. ஆனா அச்சுல கவனம் வேணும். ஃபோட்டோவ வாட்ஸ்அப்ல எறக்கி ஆஃப்செட்டுக்குக் குடுத்தா நிறம் மாறிடும். நல்ல மஞ்சள் வெளிறிப் போகும், வெளிறினது மஞ்சளாத் தெரியும். மூல அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு, முதல் தாளை அச்சகத்து வாசல்ல பகல் வெளிச்சத்துல ஒத்துப் பாருங்க. ஒரே சமயத்துல வேணுங்கற அளவுக்கு அடிச்சு வாங்கிக்கங்க. தீர்ந்துபோச்சுன்னு யாரும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிரக்கூடாது. கறுப்பு வெள்ளையில எல்லாக் கொழந்தை ஆயும் ஒண்ணுதான்.